பாதியை எடுத்து வை

எதையும் முழுசாகப் பார்க்கத் தெரியாத ஓர் அக்காவை எனக்குத் தெரியும். குறையாகச் சொல்லவில்லை, அவர் கண்ணே அப்படி. வயிறு சரியில்லை என்று யாராவது வந்து நின்றால், "நேத்து துன்னதுல பாதிய மட்டும் இன்னிக்குத் துன்னு. நோவுதுன்னா அதுல கீது. நோவலன்னா மீதியில கீது" என்பார். இந்த வைத்தியத்தில் யாருக்காவது வயிறு சரியானதா என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் சிரித்துவிட்டு வெந்நீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், நானும்தான்.

மலைமேல் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில், உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு அவர் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, வீடியோ மிக்ஸிங் என்று பலகையில் எழுதியிருக்கும். கல்யாணமோ காதுகுத்தோ, எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பதற்கு எங்கள் பக்கம் மிக்ஸிங் என்றுதான் பேர். அவர் வீட்டுக்காரருக்குக் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் வேலை. அவர் ராத்திரி விழித்திருந்து பகலில் தூங்குவார். அக்காவுக்குப் பகலெல்லாம் கடை. "எங்க வூட்டுல எப்பவும் பாதிதான் முழிச்சினு கீது" என்பார். இப்போது அந்தக் கடை இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை முடிந்ததும் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். பேரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கிருந்தே ஃபோன் போட்டு, "பேருல பாதிய எடுத்துட்டுப் போட்டிருக்கலாம் இல்ல" என்று கேட்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது கடையில் இல்லை, ஜீப்பில். என் வீட்டுக்காரர் ஜமுனாமரத்தூருக்கும் நெல்லிவாசல்நாட்டு ஊர்களுக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றுவதுதான் எனக்கு வேலை. ஒருநாள் மேட்டில் ஏறும்போது வண்டிக்கு அடியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். நிறுத்தினால் நிற்கும், எடுத்தால் வரும். இவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மண்ணோடு எழுந்து, "ஆக்சில் போச்சு" என்றார். வண்டியில் இருந்த ஆண்கள் ஆளுக்கொரு பாகத்தின் பேரைச் சொன்னார்கள்.

பின்சீட்டில் மடியில் ஒரு கட்டு ஜெராக்ஸ் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா, "இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாம் மூட்டையோட எறங்குங்க" என்றார். பாதிப் பேர் இறங்கினார்கள். வண்டியை எடுக்கச் சொன்னார். சத்தம் இல்லை. "ஆக்சில் வண்டியிலதான கீது, எறங்கிப் போவலியே" என்று இவரிடம் கேட்டுவிட்டு, இறங்கினவர்களில் பாதிப் பேரை ஏற்றினார். கடைசியில் ஓர் அம்மாவின் சாக்குப் பைக்குள் புதுக் குக்கரும் அதன் மூடியும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தது தெரிந்தது. இவர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

அவர் முறை எப்போதும் பலிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கல்யாண வீடியோவை மிக்ஸிங் செய்யும்போது கம்ப்யூட்டர் நின்றுபோக, வழக்கம்போலப் பாதியை எடுத்து வைத்திருக்கிறார். எடுத்து வைத்தது மாப்பிள்ளை வீட்டுப் பாதி. வேலை ஓடியதும் சந்தோஷத்தில் அதைத் திரும்பச் சேர்க்க மறந்து கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் மட்டும் வந்து போன கல்யாணமாக அது இருந்தது. மாப்பிள்ளையின் அத்தைகள் ஒரு வேன் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் வாங்கிய பேச்சை டீக்கடைக்காரர் ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒன்றை எடுத்து வைத்ததும் இடது கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். எடுத்து வைத்தது திரும்பி வந்து சேர்ந்தால்தான் வளையல் கைக்கு ஏறும். "எடுத்து வெக்கறது வேற, தூக்கிப் போடறது வேற. ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது" என்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கலசப்பாக்கம் பக்கம், நெல் விளைகிற ஊர். மலைமேல் இருக்கிறவரைக் கட்டிக்கொள்வேன் என்றதும் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மலைக்குப் பெண் கொடுத்த வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, அவர் வரமாட்டார். அப்பா வராத இடத்துக்கு அம்மாவும் வரமுடியாது. கல்யாணம் மலைக் கோயிலில் நடந்தது. என் பக்கத்தில் நிற்க ஆளில்லாமல், இவருடைய எதிர்வீட்டில் இருக்கிற, சாமை விதைக்கிற பெரியவர் ஒருவர் அப்பா ஸ்தானத்தில் நின்று என் கையைப் பிடித்துக் கொடுத்தார். வீடியோக்காரர் யாரையும் வைக்கவில்லை. ஆளாளுக்கு ஃபோனில் எடுத்ததுதான்.

மார்கழியில் அம்மா ஃபோன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பா கல்யாண வீடியோ கீதான்னு கேட்டாரு. டிவியில போட்டுப் பாக்கணுமாம்" என்றாள். தை பிறந்தால் தலைப்பொங்கல். மகளுக்குப் பொங்கல் வரிசை எடுத்துப்போவது அப்பன் கடமை. அவர் அதை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. வீடியோ பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தால் அப்பா வருவார், சேராவிட்டால் இன்னொரு வருஷம் ஆனாலும் ஆகும். இப்படி நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

காசு கொடுத்துச் செய்ய வேண்டாம், நானே செய்யலாம் என்று நாத்தனாரின் பழைய லேப்டாப்பில் ஓர் இலவச மென்பொருளை ஏற்றி உட்கார்ந்தேன். எல்லோரிடமும் வீடியோக்களை வாங்கி அடுக்கினேன். அடுக்கும்வரை ஒழுங்காக இருந்தது. ஒரே படமாக மாற்றச் சொன்னதும் பாதிக்குமேல் போய் நின்றுவிடும். திரை வெளுத்துவிடும், வட்டம் சுற்றும், எலிக்குறி நகராது. அணைத்து மறுபடி போட்டால் அதே இடத்தில் நிற்கும். இணையத்தில் தேடினேன். ஒருவர் சுத்தமான தமிழில், 'மென்பொருள் உறைந்துவிட்டால் செய்ய வேண்டியவை' என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதையெல்லாம் செய்தும் அது அசையவில்லை.

மாமியார் வந்து, "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்று கேட்டார்.

"உறைஞ்சி போச்சுங்க அத்தை" என்றேன், அந்தச் சுத்தத் தமிழ்க்காரர் புண்ணியத்தில்.

மார்கழியில் எங்கள் மலையில் உறைந்துபோகிற பொருள் ஒன்றுதான், தேங்காய் எண்ணெய். அதற்கு வைத்தியமும் ஒன்றுதான், பாட்டிலை அடுப்போரம் வைப்பது. நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், லேப்டாப் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பாட்டிலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அணைக்கக்கூட இல்லை, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் கொஞ்ச நேரத்துல எளகிடும்" என்றார் மாமியார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது. தொட்டால் கை சுட்டது, சற்று நேரத்தில் தானே அணைந்தும் போனது.

மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். தொட்டுப் பார்த்தார், அடியில் திருப்பிப் பார்த்தார். காற்றுப் போகிற சந்தில் கம்பளி முடியும் சாம்பலும்.

"இன்னாம்மா இது, அடுப்புலயா வெச்ச?" என்று விளையாட்டுக்குக் கேட்டார்.

"ஆமாங்க அக்கா" என்றேன்.

நடந்ததைச் சொன்னதும் நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து சிரித்தார். உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க மாமியா பாவம், அவங்க வெச்ச வைத்தியம் சரிதான். நீ சொன்ன வியாதிதான் தப்பு. ஹேங்னு சொல்லியிருந்தா கம்பளிய வெளிய எடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

தூரிகையால் சந்தைச் சுத்தம் செய்து இயக்கினார். உயிர் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பிறகு கேட்டார்: வீடியோவெல்லாம் எங்கே இருக்கிறது? பாதி பென்டிரைவில், பாதி மெமரி கார்டில், சிலது, கையோடு வாங்கி வந்திருந்த நாத்தனார் ஃபோனிலேயே. ஒயர் மாட்டி அப்படியே இழுத்துப் போட்டிருந்தேன். "அதுவும் எத்தினி எடத்துக்குத்தான் ஓடும்? மொதல்ல எல்லாத்தையும் உள்ள கொண்டா" என்று ஒரே ஃபோல்டரில் சேர்த்தார். மறுபடி ஓட்டினார். அதே இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது.

"பொங்கலுக்குள்ள போவணுங்க அக்கா" என்றேன்.

"பதறாத காரியம் செதறாது. கைய எடு" என்று சொல்லி, ஒரு வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

முதலில், நான் அடுக்கியதை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டார். நகலில் பின்பாதியை எடுத்து வைத்துவிட்டு முன்பாதியை மட்டும் ஓட்டினார். நிற்காமல் முடிந்தது. "இதுல இல்ல." பின்பாதியை இரண்டாக்கினார். ஒன்று ஓடியது, ஒன்று நின்றது. நின்றதை மறுபடி இரண்டாக்கினார். நடுநடுவே ஜெராக்ஸுக்கு ஆள் வரும், எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். மாலையில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் ஜீப்பின் மேலே உட்கார்ந்துகொண்டு ஊர்வலத்தை எடுத்தது.

"அதைத் தூக்கிடுங்க அக்கா. ஊர்வலம் வேற ஃபோன்லயும் கீது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. "அது இன்னா தப்பு பண்ணிச்சு? வேற மாதிரி ஃபோனு, அதுல படம் ஓடற வேகம் வேற. இதுங்களோட சேந்து நடக்க வரல, அவ்ளோதான்." வேறொரு மென்பொருளில் அந்தத் துண்டை மட்டும் போட்டு, மற்றவற்றின் வேகத்துக்கு மாற்றி எடுத்தார். திரும்ப அதன் இடத்தில் வைத்தார். ஓட்டினார். வட்டம் வரவில்லை, திரை வெளுக்கவில்லை. முடிந்தது என்று வந்ததும் வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு, டீ சொல்லப் போனார்.

படத்தை ஏற்றிய பென்டிரைவ் இவர் ஜீப்பில் மலை இறங்கி, பஸ் ஏறி, அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டாள். அப்பா பார்த்தாராம். பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாராம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. கீழேயிருந்து வருகிறவர்களின் கையில் கரும்பைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா கடைக்குப் போனது உதவி கேட்க இல்லை, அழத்தான்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. "எந்த எடத்துல நிறுத்துனாரு?" என்று கேட்டார்.

"அது தெரிஞ்சி இன்னாக்கா பண்றது?"

"ஒங்கம்மாவக் கேளு."

கேட்டேன். அம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். மலையைப் பார்த்தாராம், கோயிலைப் பார்த்தாராம். மாப்பிள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டத் தெரியாமல் நின்றதைப் பார்த்து லேசாகச் சிரித்தாராம். காலைப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று அம்மாவைக் கேட்டாராம். அப்புறம் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக் கொடுக்கிற இடம் வந்தது. அங்கேதான்.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோவமா இருந்தா மலையப் பாத்ததுமே நிறுத்தியிருப்பாரு. மாப்பிளையப் பாத்ததும் நிறுத்தியிருப்பாரு. அத்தெல்லாம் ஓடிச்சி இல்ல? அப்ப அதுல இல்ல. அந்த ஒரு எடந்தான். தான் நிக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தரு நிக்கறாரு. அத்தத்தான் தாங்கல."

"அந்த எடத்தை மட்டும் வெட்டிட்டுத் திரும்ப அனுப்பட்டுங்களா?"

"வெட்டுனா மட்டும் அவரு அங்க வந்து நின்ன மாதிரி ஆயிடுமா? கூப்புடு அவர."

"எப்டிக்கா கூப்புடறது? வூட்டுக்கு வாங்கன்னா வரமாட்டாரு."

"வூட்டுக்குக் கூப்புடாத. அது பெருசு. பாதிய எடுத்து வெச்சிட்டுக் கூப்புடு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மலையேறுகிற பாதையில், சரியாகப் பாதி வழியில், வண்டிகள் தண்ணீர் ஊற்ற நிற்கிற டீக்கடை ஒன்று உண்டு. அதுவரை வந்து வரிசையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல். வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், மகளை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல். எனக்கு அது அவமானமாகப் பட்டது. பெற்ற மகள் டீக்கடையில் நின்று வரிசை வாங்குவதா? "முழுசு கேட்டா முழுசா வேணாம்னு சொல்லிடுவாங்க" என்றார். என் ஃபோனை எடுத்து என் கையிலேயே வைத்துவிட்டு, ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "அந்த டீக்கடைகிட்ட பஸ் நிக்குமா?" என்று கேட்டார்.

பொங்கலன்று காலையில் நானும் இவரும் அக்காவும் ஜீப்பில் இறங்கிப் போனோம். அக்காவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டேன், எனக்குத் தைரியம் போதவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், எல்லாம் வேலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பா இளைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கரும்பைப் பார்த்தார். இவர் ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏற்றினார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. ஏற்ற இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில் அப்பா மட்டும் ரோட்டில் நின்றார். மேலே போகிற பாதையை ஒருதரம் பார்த்தார், கீழே ஒருதரம் பார்த்தார்.

"கரும்பு சரியா கட்டல. வழியில வுழுந்துடும்" என்று சொல்லிவிட்டு, அதைப் பிடித்துக்கொள்ள ஏறினார்.

வீட்டில் பானை பொங்கியபோது எதிர்வீட்டுப் பெரியவர் வந்து ஓரமாக நின்றார். அப்பா பையிலிருந்து ஒரு வேட்டியும் துண்டும் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு அவரிடம் போனார். அதை எப்போது வாங்கினார் என்று அம்மாவுக்கே தெரியாது. "என் எடத்துல நின்னீங்க. வாங்கிக்கோங்க" என்றார். பெரியவருக்குத் தட்டை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நான் இன்னாங்க பண்ணேன், பொண்ணு கைய சும்மா புடிச்சினு நின்னேன்" என்றார். தட்டை வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து அப்பா கையில் வைத்தார். "உங்க பொண்ணு. நீங்களே குடுங்க."

அப்பா கொஞ்ச நேரம் என் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் அதை என் வீட்டுக்காரர் கையில் வைத்து, இரண்டையும் சேர்த்து மூடினார். அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

அக்கா ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆசையாகப் போய், காட்டுங்கள் என்றோம். ஃபோனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பட்டனே அமுத்தல போல" என்றார்.

ஊர்க் கல்யாணம் எல்லாம் மிக்ஸிங் செய்கிறவர். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்பாதான் முதலில் பேசினார்.

"அதுக்கு இன்னாம்மா இப்ப, நீ நல்லா பட்டன அமுத்திட்டுச் சொல்லு" என்று சொல்லி, என் கையை மறுபடி வாங்கிக்கொண்டார். "இன்னொரு வாட்டி குடுக்கறேன்."